ஜெர்மன் கற்கும் தமிழர்களே, உங்கள் அனுபவம் என்ன?

ஸ்டுட்கார்ட்டிலிருந்து:
நம்மில் பெரும்பாலோர் ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஜெர்மனுக்குள் நுழைகிறோம். தமிழைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள். ஏ1 எனும் தொடக்கநிலை வகுப்பில் ஒருநாள், குளிர்கிறது என்பதை எப்படிச் சொல்வது என்று ஆசிரியை கேட்டார். பலரும் 'இஷ் பின் கால்ட்' என்றார்கள். மனத்தில் ஈரமில்லாதவர் என்ற பொருள் வந்துவிடும் என்று திருத்தி, 'மிர் இஸ்ட் கால்ட்' என்று பலகையில் எழுதினார். 'மிர்' என்றால் 'எனக்கு'. எனக்குக் குளிர்கிறது! நம் நான்காம் வேற்றுமை அப்படியே நிற்கிறது. 'தஸ் கெஃபெல்ட் மிர்' என்பதும் அதே வார்ப்புதான்: அது எனக்குப் பிடித்திருக்கிறது.

காரணம் சொல்லும் 'வைல்' வந்தால் வினை கடைசிக்குப் போய்விடும். 'வைல் இஷ் இன் ஸ்டுட்கார்ட் வோனெ'. நான் ஸ்டுட்கார்ட்டில் வசிப்பதால். வினையைக் கடைசியில் வைத்தே பேசிப் பழகிய நமக்கு இதில் என்ன சிரமம்?

மியூனிக்கிலிருந்து:
உண்மை. ஆனால் பெயர்ச்சொற்களின் பாலுக்குத் தமிழ் கைகொடுக்காது. கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டுமல்லாத நடுப்பால். பொருளைப் பார்த்து ஊகிக்கவே முடியாது. 'டெர் லோஃபெல், டீ காபெல், தஸ் மெஸ்ஸெர்' என்று முன்சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். தனிச்சொல்லாகப் படித்தால் பின்னால் இரட்டை வேலை.

எனக்கு இலக்கணம் பிடிபட்டது பேக்கரியில்தான். 'இஷ் ஹெட்டெ கெர்ன் ஐனன் காஃபே' என்று காபி கேட்கிறோம். காபி ஆண்பால் என்பதால் 'ஒரு' எனப் பொருள்படும் 'ஐன்' என்பது செயப்படுபொருளாகும்போது 'ஐனன்' ஆகிறது. பெண்பாலுக்கும் நடுப்பாலுக்கும் இந்த மாற்றம் இல்லை. வணக்கத்திலும் இதே விதி ஒளிந்திருக்கிறது: காலை, பகல், மாலை மூன்றும் ஆண்பால், ஆகவே குட்டன் மோர்கன், குட்டன் டாக், குட்டன் ஆபென்ட். இரவு பெண்பால், ஆகவே குட்டே நஹ்ட்.

விற்பவர் 'ஸோன்ஸ்ட் நோஹ் எட்வாஸ்?' என்பார், வேறு ஏதாவது வேண்டுமா என்று. போதுமென்றால் 'தஸ் வேர்ஸ்'. இங்கே சிறு ரொட்டியை 'ஸெம்மெல்' என்று கேளுங்கள். பாடநூலின் 'ப்ரோட்ஷென்' புரியும், ஆனால் ஊர்ச்சொல்லைக் கேட்டதும் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன்.

ஹாம்பர்கிலிருந்து:
இங்கே வணக்கம் சொல்ல, காலை முதல் இரவு வரை 'மொய்ன்' ஒன்றே போதும். கவனம் தேவைப்படுவது மணியில். 'ஹால்ப் அஹ்ட்' என்றால் ஏழரை, எட்டரை அல்ல; எட்டை நோக்கிப் பாதி வந்தாயிற்று என்று கணக்கு. மருத்துவரிடம் நேரம் வாங்கும்போது எண்ணிலும் சொல்லச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். நாற்பத்தேழையும் 'ஸீபன் உன்ட் ஃபீர்ட்ஸிஷ்', ஏழும் நாற்பதும் என்றுதான் சொல்வார்கள். தொலைபேசி எண்ணை இரண்டிரண்டாகச் சொன்னால் கை தடுமாறும். 'பிட்டெ லாங்ஸாமெர்', மெதுவாகச் சொல்லுங்கள் என்று கேட்பதில் தவறே இல்லை.

'ஸீ', 'டூ' பற்றி ஒன்று. நீங்கள், நீ என்ற வேறுபாடு நமக்குப் பழக்கமானதே. ஆனால் இங்கே மூத்தவரே 'டூ' என்று அழைத்துக்கொள்ளலாம் என்பார். மாடிவீட்டுப் பெரியவர் அப்படிச் சொன்னபோது நாக்கு எழவில்லை, தாத்தா வயது அவருக்கு. இருந்தாலும் ஏற்றுக்கொண்டேன். அவர் நீட்டிய நட்பைத் தள்ளிவிட மனம் வரவில்லை.