மறு: ‘ஃபவுலிங் மார்க்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

‘ஃபவுலிங் மார்க்’ என்ற ரயில்வேச் சொல்லுக்குத் தமிழ் கேட்டதற்கு வந்த ‘மாசுக்குறி’, ‘தவறுக்குறி’ இரண்டையும் பார்த்தேன். அகராதியில் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டால் இப்படித்தான் வரும். ஃபவுல் என்றதும் நமக்கு அழுக்கு நினைவுக்கு வரும், இல்லாவிட்டால் நடுவரின் விசில். கப்பல்காரர்களோ நங்கூரக் கயிறு எதிலாவது சிக்கிக்கொண்டால் ஃபவுல் என்பார்கள். ரயில்வேயில் புழங்குவது இதற்குப் பக்கத்துப் பொருள்: இன்னொன்றின் வழியில் குறுக்கே கிடப்பது.

இரண்டு பாதைகள் நெருங்கிவந்து ஒன்றாகச் சேர்கின்றன என்று வைத்துக்கொள்வோம். சேரும் இடத்துக்கு முன்பே இடைவெளி குறுகிவிடும். அதற்குமேல் ஒரு பாதையில் நிற்கும் வண்டியை, மற்றதில் வரும் வண்டி இடிக்கும். அந்த இடத்தில் இரு பாதைகளுக்கும் நடுவே ஓர் அடையாளம் வைத்திருப்பார்கள். லூப் லைனில், அதாவது மெயின் லைனிலிருந்து பிரிந்து மறுபடி அதிலேயே சேரும் பக்கப் பாதையில், ஒதுங்கும் ரயிலின் கடைசிப் பெட்டி அதைக் கடந்து உள்ளே வந்தால்தான் மெயின் லைனில் அடுத்ததை விடலாம்.

என் பரிந்துரை: உரசெல்லை. வைத்திருக்கும் அடையாளம், உரசெல்லைக் குறி.

‘சக்கர எல்லை’ என்ற யோசனை எனக்கு ஒப்பவில்லை. இங்கே இடிபடுவது பெட்டியின் உடம்பு. கடைசிச் சக்கரத்துக்கு அப்பாலும் பெட்டி கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். பாதையில் வண்டி இருக்கிறதா என்று காட்டும் மின்சுற்றை, 1872-இல் வில்லியம் ராபின்சன் காப்புரிமை பெற்ற டிராக் சர்க்யூட்டை, எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் மின்சாரத்தால் இணைப்பதை வைத்துத்தான் வண்டி இருப்பது அதற்குத் தெரியும். நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி தெரியவே தெரியாது. அதனால் சர்க்யூட்டைப் பிரிக்கும், மின்சாரம் கடக்காத காப்பு இணைப்பை உரசெல்லையிலேயே போடாமல், அந்த நீட்டத்துக்கு இடம் விட்டு, வண்டி ஒதுங்கும் பக்கமாகத் தள்ளிப் போடுகிறார்கள். ‘சக்கர எல்லை’ என்று எழுதினால் புதிதாகப் படிப்பவர் இந்த இரண்டு இடங்களையும் ஒன்றாக்கிவிடுவார்.

உரசல் என்பது லேசாகப் படுவதுதானே, ‘மோதெல்லை’ சரியாக இருக்காதா என்று கேட்கலாம். மோதல் என்றதும் நேருக்கு நேர் முட்டுவதுதான் கண்முன் வருகிறது. இது பக்கவாட்டு விவகாரம். வினையாக எழுதும்போது மட்டும் கவனம் வேண்டும்: ‘மெயின் லைனை உரசி நிற்கிறது’ என்றால் பட்டே விட்டது என்றாகிவிடும். ‘உரசும்படி நிற்கிறது’ போதும்.

அப்புறம், அடுத்து தமிழாக்க வேண்டிய சொற்களின் பட்டியலில் ‘ஃப்ராக்’ இருக்கிறது. தயவுசெய்து ‘தவளை’ வேண்டாம்! பாதை பிரியும் இடத்தில் தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் பகுதி அது. குதிரைக் குளம்பின் அடியில் உள்ள முக்கோணப் பகுதிக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர். பிரிட்டிஷ் வழக்கில் ரயில்வே ஃப்ராக் வெறும் ‘கிராசிங்’. நாமும் ‘வெட்டுமுனை’ என்று எழுதிவிட்டுப் போகலாம்.

அமெரிக்க நூல்களில் ஃபவுலிங் மார்க் இருக்கும் இடத்தில் ‘கிளியரன்ஸ் பாயின்ட்’ என்று பார்ப்பீர்கள். இடம் ஒன்றுதான். அதற்கும் உரசெல்லையையே போடுவோம், தனிச்சொல் தேட வேண்டாம்.