உப்பு சுவையைக் கூட்டுகிறதா, மறைக்கிறதா?

பத்தியக்காரன்:
உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொல்லிச் சொல்லியே நாக்கைப் பழக்கிவிட்டார்கள். மருத்துவர் சொன்னதால் உப்பைக் குறைத்தேன். முதலில் எல்லாமே சப்பென்று இருந்தது. சில வாரங்கள் போனதும் கேரட்டின் இனிப்பும் தக்காளியின் புளிப்பும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தன. இப்போது மற்றவர்கள் சமைத்ததைச் சாப்பிட்டால் உப்பு மட்டும்தான் தெரிகிறது. ஆகவே என் கட்சி இது: உப்பு எந்தச் சுவையையும் தூக்கிக் கொடுப்பதில்லை, எல்லாவற்றின் மேலும் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

வேதிவாத்தி:
பழக்கம் என்பது சரி. உப்பைக் குறைத்துச் சாப்பிட்டால் நாக்கு கேட்கும் அளவும் மெல்லக் குறையும், அது சோதித்துப் பார்த்த விஷயம்தான். ஆனால் அங்கிருந்து "எந்தச் சுவையையும் தூக்கிக் கொடுப்பதில்லை" என்று எப்படித் தாவினீர்கள்?

1997இல் பிரெஸ்லின், போஷாம்ப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கசக்கும் யூரியாவையும் சர்க்கரையையும் கலந்து சுவைக்கக் கொடுத்தார்கள். அதில் சமையல் உப்பைப் போலவே சோடியம் உள்ள சோடியம் அசிட்டேட்டைச் சேர்த்ததும் கசப்பு இறங்கியது, இனிப்பு ஏறியது. சர்க்கரையை யாரும் கூட்டவில்லை. இனிப்பை அதுவரை அமுக்கி வைத்திருந்த கசப்பைச் சோடியம் அமுக்கிவிட்டது, அவ்வளவுதான். இன்னொன்றையும் கவனியுங்கள். சோடியம் அசிட்டேட் சமையல் உப்பு அளவுக்குக் கரிக்காது. கரிப்பு மேலே ஏறி உட்கார்ந்ததால் நடந்த மாற்றம் என்று இதைச் சொல்லிவிட முடியாது.

அரைவேக்காடு:
காபியில் ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குடித்திருக்கிறேன். கசப்பு மழுங்கியது உண்மை. இனிப்பு வந்ததா என்றால், இல்லை. சோம்பேறிக் காபிதான் வந்தது.

பத்தியக்காரன்:
இதைத்தான் நானும் சொல்கிறேன். கசப்பை அமுக்குவது மறைப்பதில் சேராதா? கருஞ்சாக்லேட்டுக்கும் காபிக்கும் கசப்புதான் குணமே. அதை அமுக்கிவிட்டு "சுவை கூடியது" என்றால் என்ன நியாயம்? நீங்கள் கூட்டி வந்த சாட்சி என் பக்கம்தான் பேசுகிறது, வாத்தியாரே.

வேதிவாத்தி:
நல்ல மடக்கு. ஆனால் கறுப்புக் காபியில் வெளியே வருவதற்கு இனிப்பு எங்கே இருக்கிறது? தக்காளியை எடுங்கள். அதில் சர்க்கரை, அமிலம், உமாமிச் சுவை தரும் குளூட்டமேட் மூன்றும் இருக்கின்றன. அங்கே சிறிது உப்பு விழுந்தால் வேலை தெரியும். எல்லாக் கசப்பும் சோடியத்துக்கு ஒரே மாதிரி அடங்குவதும் இல்லை, பொருளுக்குப் பொருள் மாறும்.

அளவு மீறினால் கதையே வேறு. 2013இல் எலிகளில் செய்த ஆய்வில், உப்பு மிக அதிகமானால் கசப்பையும் புளிப்பையும் உணரும் செல்களே தூண்டப்படுகின்றன என்று கண்டார்கள். குறைந்த அளவு இழுக்கும், அதிக அளவு விரட்டும். "உப்பு மட்டும்தான் தெரிகிறது" என்கிறீர்களே, அது அளவின் குற்றம்.

மூன்றாம்கரண்டி:
இரண்டு பேரும் நாக்கிலேயே நின்று சண்டை போடுகிறீர்கள், அடுப்புப் பக்கமும் வாருங்கள். எவ்வளவு என்பது போலவே எப்போது என்பதும் முக்கியம். உருளைக்கிழங்கை வெறும் தண்ணீரில் வேகவைத்து மேலே உப்பு தூவினால் மேற்புறம் கரிக்கும், உள்ளே ஒன்றுமே இருக்காது. உப்புத் தண்ணீரில் வேகவைத்தால் கரிப்பு தனியாகத் தெரியாமல் கிழங்கின் ருசி தெரியும். பெரிய இறைச்சித் துண்டு என்றால் முந்தின நாளே தடவி வைக்க வேண்டும். உப்பு உள்ளே போக நேரம் எடுக்கும், போனபின் இறைச்சியின் புரதத்தைத் தளர்த்தி, வேகும்போது சாறு வெளியேறாமல் பிடித்துவைக்கும்.

காய்ந்த பீன்ஸை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் வேகாது என்பது சுத்தப் பொய். தோலில் இருக்கும் கால்சியம், மக்னீசியத்தின் இடத்தைச் சோடியம் பிடிப்பதால் தோல் இன்னும் மெத்தென்று ஆகும்.

அரைவேக்காடு:
கடைசியில் தூவுவதுதான் சிக்கனம். வறுவலின் மேல் பொடியுப்பு நாக்கில் பட்டவுடன் கரைகிறது, அதனால் கொஞ்சமே நிறையத் தெரியும். உள்ளே புதைந்த உப்பில் பாதி நாக்கைத் தொடாமலே வயிற்றுக்குப் போய்விடும். பத்தியக்காரருக்கு ஏற்றது என் வழிதான்.

கல்லுப்பு:
யாரும் உப்பின் வகையைப் பேசவில்லையே? கடல் உப்பின் தாதுக்கள்தான் உண்மையான ருசி.

மூன்றாம்கரண்டி:
குழம்பில் கரைந்தபின் எந்த உப்பு என்று கண்டுபிடியுங்கள், பார்க்கலாம். எல்லாமே பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். வித்தியாசம் கரண்டியில் வருகிறது. பரல் பெரிதாக இருந்தால் இடையில் காற்று இருக்கும், ஒரே கரண்டியில் எடை குறையும். அடுத்து.

பத்தியக்காரன்:
சோடியம் குறைந்த உப்பு என்று ஒன்று வாங்கினேன். ஒரு மாதிரி கசக்கிறது, உலோகத்தை நக்கியது போல.

வேதிவாத்தி:
அதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். கரிப்பும் தரும், கூடவே கசப்பும் தரும். சிறுநீரகக் கோளாறோ ரத்த அழுத்த மாத்திரையோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடாதீர்கள். அதற்குப் பதில் எலுமிச்சை பிழிந்து பாருங்கள். சிறிது புளிப்பு சேர்ந்தால் இருக்கிற உப்பே தூக்கலாகத் தெரியும்.

பத்தியக்காரன்:
அப்படியென்றால் உப்பு அவசியமில்லை என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்.

வேதிவாத்தி:
"இருக்கிற உப்பே" என்றேன். ஒரு தக்காளியை இரண்டாக வெட்டி, ஒரு பாதியில் மட்டும் நாக்குக்குக் கரிக்காத அளவு உப்பு தூவி, கண்ணைக் கட்டிக்கொண்டு சாப்பிடுங்கள். எது இனிக்கிறது என்று இங்கே வந்து சொல்லுங்கள்.

பத்தியக்காரன்:
செய்கிறேன். ஆனால் உப்பு பட்டால் தக்காளி தண்ணீர் விடும். சதையில் மிஞ்சும் சாறு கெட்டியாகி, அதனாலேயே ருசி ஏறலாம். அப்புறம் உங்கள் சோடியத்துக்கு எப்படிப் பெயர் வாங்கிக் கொடுப்பீர்கள்?

வேதிவாத்தி:
தூவியதும் வாயில் போடுங்கள். தண்ணீர் விட நேரம் கொடுக்காதீர்கள்.