மாடம், கூடு, சட்டம்: பழைய லாரியில் ஸ்டீரியோ பொருத்தும் குறிப்புக்கான சொற்கள்

குழுவினருக்கு வணக்கம்.

காரைக்குடிப் பட்டறை நண்பர்களுக்காக நாம் தமிழாக்கும் குறிப்பின் வரைவைப் படித்தேன். நடை தெளிவாக இருக்கிறது. "பொருத்தி" என்ற சொல்லை மட்டும் உடனே எடுத்துவிட வேண்டும். டேஷ்போர்டில் உள்ள திறப்பும் பொருத்தி, அதற்குள் செருகும் தகர உறையும் பொருத்தி, முன்பக்கம் சுற்றி வரும் பிளாஸ்டிக் ஓரமும் பொருத்தி! "பொருத்தி இடித்தால் அரத்தால் ராவிக் கொள்க" என்று ஒரு வரி வருகிறது. மூலத்தில் அது பிளாஸ்டிக் ஓரத்தைப் பற்றியது. நம் வரைவை நம்பும் பையன் இரும்பு டேஷ்போர்டை ராவத் தொடங்குவான். பெட்ஃபோர்டு, பார்கோ காலத்து வண்டிக்கு மாற்றுத் தகட்டை எங்கே போய்த் தேடுவது?

இந்தக் குழப்பத்துக்கு அளவுதான் காரணம். இன்றைய ஸ்டீரியோவின் முகம் 180 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரம். இரட்டை அளவானால் உயரம் 100. டின் (DIN) என்னும் ஜெர்மானியத் தர நிறுவனம் வகுத்த அளவு இது. பிறகு ஐஎஸ்ஓ 7736 என்று உலகத் தரமானது. ஒற்றை அளவுக்கு 182க்கு 53 மி.மீ. திறப்பு வேண்டும். பழைய வண்டி வானொலிக்கு அப்படி ஒரே செவ்வகத் திறப்பு கிடையாது. நடுவில் அலைவரிசை காட்டும் சிறிய கண்ணாடி, இரு பக்கமும் குமிழ்த் தண்டுக்கு ஒவ்வொரு வட்டத் துளை, அவ்வளவுதான். ஆகவே புதுக் கருவி நேராக உள்ளே போகாது. டேஷ்போர்டை அறுப்பது ஒரு வழி. அதை நம் குறிப்பில் எழுதவே கூடாது என்பது என் கட்சி. பழைய இரு குமிழ் வடிவிலேயே, உள்ளே புளூடூத்தும் யூஎஸ்பியும் வைத்து இப்போது கருவிகள் வருகின்றன. அது கிடைக்காவிட்டால் டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு பெட்டியைத் தொங்கவிட்டு அதில் வைக்கலாம். எந்தத் தகடும் கெடாது. கழற்றிய பழைய வானொலியைத் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்துங்கள். முனீசுவரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைக்குப் போய்விட்டால் அது திரும்பி வராது.

இனி சொற்கள். திறப்புக்கு "மாடம்" என்கிறேன். சுவரில் விளக்கு வைக்க விட்ட குழியை மாடம் என்றுதான் நம் வீடுகளில் சொல்கிறோம். மாடத்தை யாரும் ராவ மாட்டார்கள், அதில் ஒன்றை வைப்பார்கள். உள்ளே செருகும் தகரத்துக்குக் "கூடு". அதன் விளிம்பில் வெட்டிவிட்ட சிறு துண்டுகளைத் திருப்புளியால் மடக்கினால்தான் கூடு டேஷ்போர்டைக் கவ்வும், அவற்றுக்கு "நாக்கு". பிளாஸ்டிக் ஓரத்துக்கு "சட்டம்". டேஷ்போர்டு டேஷ்போர்டாகவே இருக்கட்டும். "முகப்பு" என்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். இந்த ஊரில் முகப்பு என்றால் திண்ணையும் தூணும்தான் நினைவுக்கு வரும்.

மின்சாரப் பகுதியில் சொல்லைவிடப் பொருளே பிழைபட்டிருக்கிறது. மஞ்சள் வயரையும் சிவப்பு வயரையும் "மின்னூட்டக் கம்பிகள்" என்று ஒன்றாகக் கட்டிவிட்டார்கள். மஞ்சளில் எப்போதும் மின்சாரம் இருக்க வேண்டும். நிலைய வரிசையும் கடிகாரமும் அதனால்தான் அழியாமல் நிற்கின்றன. சிவப்பு, சாவி திருப்பினால் மட்டும் வேலை செய்ய வேண்டும். "நினைவு வயர்", "சாவி வயர்" என்று பிரிப்போம். இரண்டையும் சேர்த்து பேட்டரியில் நேராக முறுக்கிவிட்டால், பல நாள் நிறுத்திய வண்டியில் பேட்டரி இறங்கிக் கிடக்கும்.

24 வோல்ட் லாரிகளைப் பற்றிய எச்சரிக்கையும் விடுபட்டிருக்கிறது. வரிசையாக இணைத்த இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுப்பது பழக்கமாகிவிட்டது. அப்படிச் செய்தால் ஒன்று குறைவாகவும் மற்றது அளவுக்கு மீறியும் சார்ஜ் ஆகி இரண்டுமே சீக்கிரம் கெடும். 24ஐ 12 ஆக்கும் கன்வர்ட்டர் வைக்க வேண்டும் என்று தடித்த எழுத்தில் போடுங்கள். மிகப் பழைய சில வண்டிகளில் நேர்முனையே பாடியோடு இணைந்திருக்கும். அவற்றில் முதலில் அதைப் பார்க்காமல் ஒரு வயரையும் தொடக் கூடாது.

———

கானாடுகாத்தானிலிருந்து ஒரு மறுமொழி:

ஐயா, மாடம் அழகு. ஆனால் கூட்டுக்கு "நிலை" பொருத்தமில்லையா? திறப்பில் நிலையை இறுக்கிவிட்டு அதில் கதவைப் பொருத்துகிறோம். தகர உறை செய்வதும் அதே வேலைதான். தச்சருக்கு விளக்கமே வேண்டாம்.

———

அம்மா, ஒப்புமை சரியானது, மறுக்கவில்லை. ஆனால் இதே குறிப்பில் "சாவி அணைந்த நிலையில்", "முதல் நிலை" என்று ஆறேழு இடங்களில் அந்தச் சொல் வேறு பொருளில் வருகிறது. "நிலையைக் கழற்றுக" என்றால் படிப்பவர் திகைப்பார். தச்சரைவிட எலக்ட்ரீஷியன்தான் இதை அதிகம் படிப்பார் என்பதையும் பாருங்கள். கூடு என்றால், சாவித் தகடு இரண்டை இரு பக்கமும் நுழைத்துக் கருவியைக் கூட்டிலிருந்து உருவுக என்று எழுதவும் தடையில்லை.

தேவகோட்டை நண்பர் "சட்டம்" என்பதும் பொதுச்சொல் என்று தனியே எழுதியிருக்கிறார். "ஓரச்சட்டம்" ஆக்கிவிட்டேன். வரைவில் "பொருத்தி" வரும் இடம் ஒவ்வொன்றையும் மூலத்தோடு ஒப்பிட்டுத்தான் மாற்ற வேண்டும். ஒரே சொடுக்கில் மாற்றினால் அரம் மறுபடியும் மாடத்துக்கே போய்விடும். முதல் பாதியை நான் பார்க்கிறேன். வயர் பகுதியை யார் எடுத்துக்கொள்கிறீர்கள்?