பிரிவுகளை முன்பே வகுப்பதா, வளர விட்டுப் பிரிப்பதா?

மருதூரான்:
தாமிரபரணிப் பாசன விவசாயிகளுக்காக நாம் தொடங்கவிருக்கும் இணையக் குழுமத்துக்கு 22 பிரிவுகள் கொண்ட பட்டியலை நேற்று அனுப்பியிருந்தேன். அவை அனைத்தையும் முதல் நாளிலேயே திறந்துவிட வேண்டும் என்பது என் கருத்து. வாய்க்கால் வெட்டாமல் தண்ணீரைத் திறந்தால் அது வயலுக்கா போய்ச் சேரும்?

கோடகன்கால்:
அண்ணாச்சி, பட்டியலில் குறுவை, சம்பா, தாளடி என்று நெல் பருவங்களின் பெயரில் மூன்று பிரிவுகள் இருக்கின்றன. அது தஞ்சாவூர்ப் பேச்சு. நமக்குக் காரும் பிசானமும்தானே? அந்த மூன்றும் ஆளின்றிக் கிடந்தால், புதிதாக வருகிறவர் இங்கே ஒருவரும் இல்லை என்று எண்ணித் திரும்பிவிடுவார். ஆகவே ‘பொது’ என்ற ஒரே பிரிவுடன் தொடங்கி, ஒரே வகைக் கேள்வி திரும்பத் திரும்ப வந்து, கேட்பவர்களே தனி இடம் வேண்டும் என்று சொல்லும்போது, அவர்கள் சொல்லும் பெயரிலேயே பிரிக்கலாம். ரெடிட் என்ற இணைய விவாதத் தளம்கூட 2005இல் ஒற்றைப் பட்டியலாகத்தான் தொடங்கியது. பயனர்கள் தாமே பிரிவு தொடங்கும் வசதி 2008இல்தான் வந்தது.

மருதூரான்:
பெயரில் நேர்ந்த பிழையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய 2023 டிசம்பரை எண்ணிப் பாருங்கள். எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் படகு கேட்ட செய்தியும், பால் கிடைக்கும் இடமும், பூப்படம் போட்ட காலை வணக்கமும் கலந்து கிடந்தன. நடக்க இயலாத தாயுடன் மொட்டைமாடியில் நின்றிருந்த ஒருவர் அனுப்பிய செய்தி, நாற்பது செய்திகளுக்கு அடியில் புதைந்த பிறகே என் கண்ணில் பட்டது. தானாக ஒழுங்குபடும் என்று காத்திருக்க அன்று நேரம் இருந்ததா?

பாளையங்கால்:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். இடம் மாறி விழும் கேள்வியை எடுத்து உரிய பிரிவில் போடுவது யார்? மடை இருந்தால் போதாது. மண்வெட்டியோடு ஓர் ஆள் நிற்க வேண்டும். அந்த வேலைக்கு இதுவரை ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை.

கோடகன்கால்:
காலை ஆறு முதல் எட்டு வரை நான் பார்த்துக்கொள்கிறேன். வெள்ளத்தைப் பற்றி அண்ணாச்சி சொன்னதற்கு என்னிடம் மறுப்பில்லை. கேட்டுப் பெற நேரமில்லாத ஒன்றை முன்பே வைத்துத்தான் ஆக வேண்டும். ‘பொது’, ‘அவசரம்’ என்ற இரண்டுடன் தொடங்குவோம். மற்ற பிரிவுகள் உங்கள் நோட்டிலேயே இருக்கட்டும்.

மருதூரான்:
பாபநாசம் அணையின் 143 அடியில் இன்று எத்தனை அடி நீர் நிற்கிறது என்று பிசானத்துக்கு நாற்றுப் பாவுமுன் எல்லாரும் கேட்பார்களே. அதற்கு மூன்றாவதாக ஒரு பிரிவு வேண்டாமா?

கோடகன்கால்:
முதலில் கேட்கட்டும், அண்ணாச்சி.