மாணவர் பேரவைக் கட்டிடத்துக்கு என்னென்ன வசதிகள் வேண்டும்?

கேட்பவர்: அம்பாசமுத்திரம் மாணவி

எங்கள் கல்லூரியின் பழைய ஆய்வகக் கட்டிடத்தை மாணவர் பேரவைக்கு ஒதுக்க நிர்வாகம் முன்வந்துள்ளது. கீழே ஒரு கூடமும் மூன்று அறைகளும், மாடியில் ஒரு கூடமும் உள்ளன. என்னென்ன வசதிகள் வேண்டும், ஆண்டில் எந்த மாதம் எதற்குப் பயன்படும் என்று இரண்டு பக்க அறிக்கை கேட்டிருக்கிறார்கள். குழுவில் மேடை, ஒலிபெருக்கி, குளிர்சாதனம் என்றே பேச்சு போகிறது. நான் செங்கோட்டை ரயிலில் வந்துபோகிறவள். முதல் வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்துவிடும் எங்களைப் போன்றவர்களுக்கு உட்கார இடமில்லை. மதியச் சாப்பாடு வேப்பமரத்தடியில். மழை நாளில் மாடிப்படியில் வரிசையாக அமர்ந்து, ஏறி இறங்குகிறவர்களுக்காக டிபன் பாக்ஸை மடியோடு ஒதுக்கி ஒதுக்கிச் சாப்பிடுகிறோம். இதை அறிக்கையில் எப்படி எழுதுவது?

பேட்டை, முன்னாள் பேரவைச் செயலாளர்

தங்கச்சி, நீங்கள் சொன்ன அந்த மாடிப்படியைத்தான் அறிக்கையில் முதலில் எழுத வேண்டும். நான் படித்த கல்லூரியிலும் பேரவைக்கு ஒரு கூடம் இருந்தது. அதன் சாவி அலுவலகச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கியது. அதை வாங்க இரண்டு கையெழுத்துடன் கடிதம் தர வேண்டும். நான் பொறுப்பிலிருந்த ஆண்டில் ஆண்டு விழாவுக்காகத் திறந்தபோது, முந்தைய ஆண்டு வாங்கிய நாற்காலிகளின் பாலித்தீன் உறைகூடப் பிரிக்கப்படாமல் இருந்தது. இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை. ஆகவே வசதிகளுக்கு முன்பாகத் திறப்பு நேரத்தை எழுதுங்கள்: காலை 7.30 முதல் மாலை 6.30 வரை, கடிதமின்றி.

அடுத்து, கை கழுவவும் பாத்திரம் அலசவும் நீளமான தொட்டி, குடிநீர், மின்விசிறி, செல்போன் சார்ஜ் போட வசதி, பூட்டுள்ள சிறு பெட்டகங்கள், பெண்கள் கழிப்பறையில் நாப்கின் எரிகலன். வாசலில் படி இருந்தால் சாய்தளம் கட்டாயம் வேண்டும். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்ற கணக்கில் அமைத்தால்தான் சக்கர நாற்காலி பிறர் தள்ளாமல் ஏறும்.

பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியர்

மகளே, ஆண்டுக் கணக்கை நிகழ்ச்சிகளிலிருந்து தொடங்காதே. ஜூன், ஜூலையில் புதிய மாணவர்கள் விண்ணப்பம், உதவித்தொகை, பஸ் பாஸ் என்று அலைவார்கள். ஓர் அறையில் மூத்த மாணவர் இருவர் உட்கார்ந்தாலே பாதி அலைச்சல் குறையும். பேரவைத் தேர்தல் நடத்துவதானால், மாணவர் தேர்தல்களை ஒழுங்குபடுத்த அமைக்கப்பட்டு, 2006இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற லிங்டோ குழுவின் பரிந்துரைப்படி, கல்வியாண்டு தொடங்கிய ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் அது நடக்க வேண்டும். அச்சிட்ட சுவரொட்டிகளுக்கு அனுமதியில்லை. கையால் எழுதியவற்றை முன்கூட்டியே அறிவித்த இடங்களில் மட்டும் ஒட்டலாம். இந்தக் கட்டிடத்தின் வெளிச்சுவர் ஒன்றை அதற்கென்றே விட்டுவிடுங்கள். வேட்பாளருக்கு 5,000 ரூபாய்தான் செலவு வரம்பு என்பதால், பேச ஒரு பொதுக்கூடம் கிடைப்பது பணமில்லாத பிள்ளைக்குப் பெரிய பலம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் தாமிரபரணி கரைபுரண்டபோது, எங்கள் தெருக்காரர்கள் ஒரு வகுப்பறையில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தார்கள். கழிப்பறைக்கு முழங்கால் நீரில் இறங்கிப் போக வேண்டியிருந்தது. மாடிக் கூடத்தை ஒட்டியே கழிப்பறை வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான். மற்ற மாதங்களில் பொங்கல் விழா, ஆண்டு விழா, ஏப்ரலில் தேர்வுப் படிப்பு எல்லாம் தாமாகவே வந்து சேரும்.

தென்காசி, இப்போது வெளிநாட்டில்

அமெரிக்காவில் மாணவர் சங்கத்துக்கென்றே எழுந்த முதல் கட்டிடம், பிலடெல்பியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஹூஸ்டன் ஹால், 1896இல் திறக்கப்பட்டது. நீச்சல் குளம் வரை அதில் இருந்தது. நமக்கு அத்தனையும் வேண்டியதில்லை, ஆனால் வாசலில் ஒரு வருகைப் பதிவேடு வையுங்கள். எந்த நேரத்தில் எத்தனை பேர் வந்தார்கள் என்பது எழுத்தில் இருந்தால், மறு ஆண்டு யாரும் அந்த அறைகளை எளிதில் பண்டகசாலையாக்க முடியாது.

அம்பாசமுத்திரம் மாணவி

மிக்க நன்றி, அண்ணாச்சி, ஐயா. திறப்பு நேரத்தை முதல் பத்தியாகவும் பதிவேட்டை இரண்டாவதாகவும் எழுதிவிட்டேன். இன்று வாசலை அளந்தோம்: அரையடி உயரத்தில் மூன்று படிகள். சாய்தளத்துக்குப் பதினெட்டடி வேண்டும்; வேப்பமரம் வரை இருபதடி இருக்கிறது.