புதுப்பிப்பு: பால், தயிர், நெய் விட்டதற்கு வீட்டில் எதிர்ப்பு
பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நான் வீகனானதை (விலங்குகளிடமிருந்து வரும் எதையும் சாப்பிடாததை) அத்தை தன் சமையலுக்கு அவமரியாதையாக எடுத்துக்கொள்கிறார், என்ன செய்வது என்று போன மாதம் கேட்டிருந்தேன்.

வாதாடாமல் சமைத்துக் காட்டச் சொன்ன யோசனைதான் பலித்தது. வேர்க்கடலையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்துக் காய்ச்சி, வெதுவெதுப்பாக இருக்கும்போது பச்சை மிளகாய்க் காம்புகளைப் போட்டு இரவு மூடிவைத்தேன். முதல் தயிர் லேசாகக் கசந்தது. அதில் ஒரு கரண்டி எடுத்து உறை ஊற்றிய அடுத்த தயிர் கெட்டியாக வந்தது. அதில் வைத்த மோர்க்குழம்பை அத்தை இரண்டாம் முறையும் ஊற்றிக்கொண்டார்!

பால் இல்லாவிட்டாலும் கேழ்வரகில் கால்சியம் கிடைக்கும் என்று கணக்குச் சொல்லிப் பார்த்தது எடுபடவில்லை.

எதிர்பாராதது: அத்தையின் கோபத்துக்குப் பின்னால் என் உடம்பைப் பற்றிய பயம்தான் இருந்திருக்கிறது. டாக்டரிடம் கேட்டு வைட்டமின் பி12 மாத்திரை எடுக்கிறேன் என்றதும் அத்தையின் முகம் தெளிந்தது. சித்தப்பாவின் கிண்டல் மட்டும் இன்னும் ஓயவில்லை.