சோலார் டேங்க்குக்குள்ள மெழுகு இறக்கினா விடியக்காலை வரைக்கும் சூடு நிக்குமா?

அல்சூர்க்காரி:
பெங்களூர், சொந்த வீடு, மொட்டைமாடில 200 லிட்டர் ட்யூப் டைப் சோலார் வாட்டர் ஹீட்டர். ஏப்ரல்ல தண்ணிய தொட முடியாது, ஆனா ஜூலைல சாயங்காலம் 50 டிகிரி வந்தாலே பெருசு, மாமியார் காலைல 5 மணிக்கு குழாயத் திறந்தா வெதுவெதுன்னுதான் வருது. பாரஃபின் மெழுகுல விரிச்ச கிராஃபைட் (சூடாக்கிப் பொரிய வச்ச கிராஃபைட் செதில்) சேத்து ஒரு காம்போசிட், அதாவது கலப்புப் பொருள், பண்றாங்களாம், உருகறப்ப சூட்ட வாங்கி வச்சுக்கிட்டு உறையறப்ப திருப்பிக் குடுக்குமாம். 58 டிகிரில உருகற மெழுகு 10 கிலோ வாங்கி டப்பால அடைச்சு டேங்க்ல போட்டா தேறுமா? கீசர் மாட்டுங்கன்னு மட்டும் யாரும் சொல்லாதீங்க ப்ளீஸ்.

பீன்யா_லேத்:
மெழுகு உருகினா நூத்துக்கு 10, 15 பங்கு பெருக்கும்க்கா, டப்பாவ ரொம்ப நெறச்சு மூடினா வெல்டிங் விட்டுரும், அப்புறம் குளிக்கிற தண்ணில மெழுகு மெதக்கும். மெழுக நேரா அடுப்புல வைக்காதீங்க, வெந்நி பாத்திரத்துக்குள்ள வச்சு உருக்குங்க.

வெப்பக்கணக்கு:
டப்பா இருக்கட்டும், மொதல்ல கணக்கப் பாருங்க மேடம். மெழுகு உறையறப்ப கிலோவுக்கு சுமார் 200 கிலோஜூல் சூடு குடுக்கும், அப்ப 10 கிலோ மொத்தமும் உறைஞ்சா 2000 கிலோஜூல். உங்க 200 லிட்டர் தண்ணி 1 டிகிரி ஏறவே 836 வேணும், ஆக உங்களுக்குக் கெடைக்கறது ரெண்டரை டிகிரிக்கும் கம்மி. அதுவும் மெழுகு உருகினாத்தான். ஜூலைல டேங்க்கே 50ல நிக்கறப்ப 58 டிகிரி மெழுகு எப்படி உருகும், கல்லு மாதிரி அப்படியே கெடக்கும், ஏப்ரல்ல ஜோரா உருகும் ஆனா அப்ப உங்களுக்குத் தேவையே இல்ல.

எனக்கென்னவோ சூடு வேற எங்கயோ போகுதுன்னு தோணுது. ராத்திரி பாத்திரம் கழுவ வெந்நி எடுத்தா அந்த அளவுக்குப் பச்சத்தண்ணி உள்ள வந்து கலந்துரும். மாடிலேர்ந்து பாத்ரூம் வரைக்கும் பைப்ல ராத்திரி முழுக்க நிக்கற தண்ணியும் ஆறிடும். எஸ்பி ரோட்ல சென்சார் ரெண்டு வாங்கி டேங்க் வாயில ஒண்ணு, குழாய்ல ஒண்ணு வச்சு ஒரு ராத்திரி பாருங்க. பைப்புக்கு ஃபோம் சுத்தறது மெழுகு விலைல பாதி கூட வராது.

அல்சூர்க்காரி:
அய்யோ, ரெண்டரை டிகிரிதானா 😩 அப்ப இந்த காம்போசிட்னு இவ்ளோ ஆராய்ச்சி எதுக்கு பண்றாங்க சார்? கிராஃபைட் சேத்தா சூடு கூடாதா?

வெப்பக்கணக்கு:
கூடாது, கொறையும். 10 பங்கு கிராஃபைட் போட்டா 10 பங்கு மெழுகு போச்சு. கிராஃபைட் போடறது வேகத்துக்கு. மெழுகு சூட்டக் கடத்தறதுல படு மந்தம், அதோட கடத்தும் திறன் ஏறத்தாழ 0.2 வாட்/(மீட்டர்·கெல்வின்), தண்ணில மூணுல ஒரு பங்குதான். சூட்ட எடுக்கறப்ப பைப்ப ஒட்டின மெழுகு மொதல்ல உறைஞ்சு, பைப்புக்கே கம்பளி போத்தின மாதிரி ஆயிடும், உள்ள இருக்கற சூடு வெளிய வரவே வராது. கிராஃபைட் அதுக்கு வழி போட்டுக் குடுக்குது, கடத்தும் திறன் பல மடங்கு ஏறும், அதோட உருகின மெழுகையும் நுண்துளைகளுக்குள்ளயே புடிச்சு வச்சுக்கும், ஒழுகாது.

மெழுகுக்குப் பதிலா உப்ப உருக்கி சூட்ட சேத்து வைக்கறதுலயும் வேற ஒரு தொல்லை உண்டு. 1948ல அமெரிக்கால டோவர்ங்கற ஊர்ல மரியா டெல்கெஸ்ங்கற விஞ்ஞானி கிளாபர் உப்பு (நீரேறிய சோடியம் சல்பேட்) நெறச்ச பீப்பாய்கள வச்சு சூரிய வீடு கட்டினாங்க, சில குளிர்காலம் ஓடிச்சு, அப்புறம் உப்பு பிரிஞ்சு அடில தங்கிருச்சு. அந்த மாதிரி பிரியாம புடிச்சு வைக்கவும்தான் காம்போசிட்.

இது காத்து சூடாக்கற எடத்துல நல்லா எடுபடும், சோலார் டிரையர் மாதிரி. அங்க தண்ணித் தொட்டி வைக்கறது தோதுப்படாது, டெம்பரேச்சரும் 50, 55ன்னு குறுகின அளவுல நின்னா போதும். அந்த மாதிரி 10 டிகிரி வித்தியாசத்துக்குள்ள தண்ணி கிலோவுக்கு 42 கிலோஜூல்தான் புடிக்கும், மெழுகு அஞ்சு மடங்கு.

அல்சூர்க்காரி:
டிரையரா! எங்க வீட்ல வடாம் சீசன்ல நாலு மணிக்கு மேகம் வந்தா ஒரே ரகளை. கிராஃபைட் எங்க கெடைக்கும்?

வெப்பக்கணக்கு:
அதே 10 கிலோ மெழுகு, ரொம்ப நல்லா போனாலும் முக்கால் லிட்டர் தண்ணிய ஆவியாக்கும், வடாத்துக்கு சாயங்காலம் ரெண்டு மணி நேரம் தாங்கும்னு வச்சுக்கோங்க. கிராஃபைட் வேணாம். யூட்யூப்ல காட்டற மாதிரி கிராஃபைட் செதில வாங்கி வீட்டு மைக்ரோவேவ்ல பொரிச்சுடாதீங்க, அந்த செதில்ல பெரும்பாலும் கந்தக அமிலம் ஏத்தியிருப்பாங்க, பொகை வந்துச்சுன்னா கிச்சன்ல நிக்க முடியாது. தட்டையான அலுமினிய டப்பா, ரெண்டு செ.மீ. கனம், உள்ள கிராஃபைட்டுக்குப் பதிலா லேத்ல சீவி விழற அலுமினியச் சுருள் போட்டு மெழுக ஊத்துங்க.

பீன்யா_லேத்:
சுருள் நம்மகிட்ட மூட்டை மூட்டையா கெடக்குக்கா, ஒரு பை நெறைய சும்மாவே வாங்கிட்டுப் போங்க, கட்டிங் ஆயில் ஒட்டியிருக்கும், சோப்புத்தண்ணில நல்லா அலசிக் காயவச்சு அப்புறம் போடுங்க.